காற்புள்ளிக்குப் பின்

நாற்பத்திரண்டு பெயர் அட்டைகள்.
நாளை காலை எட்டு மணிக்குள்
கேர்னி நூலகத்தின் கீழ்த்தள அறைக்குப் போய்ச் சேர வேண்டும்.
கிளினிக்கில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து
சாப்பாட்டு மேசையில் பிரிண்டரை வைத்து
ஒவ்வொரு பெயராகப் பதிவேட்டில் சரிபார்க்கிறேன்.
இதற்குச் சம்பளம் கிடையாது.
செயலாளர் என்று ஒரு பேர் உண்டு, அவ்வளவுதான்.

பெயர், ஒரு காற்புள்ளி,
அதன் பின் மூன்று எழுத்து.
அந்த மூன்றுக்காகத்தான் தேர்வு எழுதினோம்.
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை
அறுபது மணி நேரப் படிப்பைக் காட்டிப் புதுப்பிக்கிறோம்.
தடுப்பூசி எடுத்து வரும் என்னை
"வாங்க நர்ஸ்" என்பார் ஒரு சோள விவசாயி.
இல்லை ஐயா, நான் மருத்துவ உதவியாளர்.
"எல்லாம் ஒன்றுதானே" என்று சட்டைக் கையைச் சுருட்டுவார்.
ஒன்றில்லை.
அவர்கள் எழுத்து அவர்களுக்கு,
எங்கள் எழுத்து எங்களுக்கு.
நடப்பில் இருக்கும்வரை அது மெய்யெழுத்து.
இல்லையென்றால் மை.

முப்பத்தோராவது பெயர்: ரெனாட்டா வோண்ட்ராக்.
நாளை தலைவராகப் பொறுப்பேற்க இருப்பவள்.
பதிவேடு சொன்னது:
காலாவதி, பிப்ரவரி இருபத்தெட்டு.
நான்தான் பிழையாக அடித்திருப்பேன் என்று
எழுத்துக் கூட்டி மறுபடி தேடினேன்.
மூன்றாம் முறைக்குப் பிறகு எழுந்து போய்
கழுவிய பாத்திரங்களையே கழுவினேன்.

பெட்டியிலிருந்து பழைய வருகைத் தாள்களை எடுத்தேன்.
ஸ்காட்ஸ்பிளஃப். நார்ஃபோக். பனியில் பாதை மூடிய அன்று
பதினாறு பேர் மட்டும் வந்த வாலன்டைன்.
மாநிலத்தை ஓரம் ஓரமாக அளந்தது அவள் வேன்.
இடம் பிடித்ததும் அவள், மருத்துவரைப் பேச அழைத்ததும் அவள்.
எல்லாத் தாளிலும் மேல்வரி அவள் கையெழுத்து:
தேதி, தலைப்பு, எத்தனை மணி நேரம்.
கீழே வந்தவர்கள் அத்தனை பேரும்.
அவள் பெயர் பாதித் தாள்களில் இல்லை.
நாங்கள் வரிசையில் நின்று கையெழுத்திட்ட நேரத்தில்
பின்னறையில் காபி வடிந்துவிட்டதா என்று
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பத்தரைக்குப் போன் செய்தேன்.
மறுமுனையில் ஃப்ரிட்ஜ் உறுமும் சத்தம்,
நெடுநேரம் அது மட்டும்.
"பதினோரு வருஷம் ஓடினேன், மார்லிஸ்."

சொல்லிவிடுகிறேன், எனக்கும் தோன்றியது.
யார் பார்க்கப் போகிறார்கள்?
பேன் முட்டை அளவு ஒரு காற்புள்ளி.
என் விரலும் பிரிண்டரும் மட்டும் அறியும்.

ஆனால் விதிகளை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள்.
ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது அவள் வாக்கியம்:
நடப்பில் இல்லாத சான்றை
ஒரு நாளும் அணியலாகாது.
"ஒரு மணி நேரமும்" என்று சேர்க்கச் சொன்னாளாம்,
மற்றவர்கள்தான் சிரித்து விட்டுவிட்டார்கள்.

"பேரை மட்டும் அச்சடி" என்றாள்.
போனை வைத்துவிட்டாள்.

காலையில் அவளே எழுந்து சொன்னாள்.
நான் குறிப்பேட்டில் எழுதினேன்: தேதி, காரணம்,
தலைவர் பொறுப்பு துணைத் தலைவர் டெல்வினுக்கு.
சுத்தியலை வாங்கிய டெல்வின் ஷ்ரோடர்
அதைச் சூடான பாத்திரம்போல் பிடித்திருந்தான்.
கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல்
பாதிப் பேர் தட்டி
பாதியில் நிறுத்தினார்கள்.

முதல் வகுப்பு: இன்சுலின் சேமிப்பு, இரண்டு மணி நேரம்.
பழக்கத்தில் அவள் கால் பின்னறைக்குத் திரும்பியது.
தாளை நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றேன்.
"உட்கார். முதலில் எழுது."

எழுதினாள். பெயர் முடிந்த இடத்தில்
கை தானாக ஒரு காற்புள்ளி இட்டுவிட்டது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு பேனாவை அழுத்திச் சுழற்றி
முற்றுப்புள்ளியாக்கினாள்.
தாள் சற்றுக் கிழிந்தது.

காபியை யாரும் பார்க்கவில்லை.
இடைவேளையில் நாற்பத்திரண்டு பேரும்
கருகியதைத்தான் குடித்தோம்.